ஆஃபர் லெட்டர் இருக்கிறது, ஜாய்னிங் தேதி இல்லை. பணம் கட்டி வேலை வாங்கலாமா?

திண்டிவனம்_செந்தில்

எல்லோருக்கும் வணக்கம். 2024இல் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) முடித்தவன். கடைசி வருடத்திலேயே கேம்பஸில் ஒரு பெரிய ஐ.டி. நிறுவனம் எடுத்தது. ஆஃபர் லெட்டர் வந்த அன்றே அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஜாய்னிங் தேதிதான் இன்னும் வரவில்லை. எப்போது மெயில் போட்டாலும் "பிசினஸ் தேவையைப் பொறுத்துத் தெரிவிக்கிறோம்" என்று அதே பதில்.

இப்போது வேளச்சேரியில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி ஜாவா கோர்ஸ் படிக்கிறேன். நவுக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் தினமும் அப்ளை செய்கிறேன். பெரும்பாலும் பதிலே வருவதில்லை.

கோர்ஸ் நடக்கும் இடத்தில் ஒருவர், ஒன்றரை லட்சம் கொடுத்தால் இரண்டு வருட அனுபவச் சான்றிதழோடு வேலையும் வாங்கித் தருகிறேன் என்கிறார். பாதி இப்போது, மீதி முதல் சம்பளம் வந்த பிறகு. அறையில் ஒருவன் ஏற்கெனவே கட்டிவிட்டான். அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். அம்மாவின் நகையை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். கட்டலாமா?

இன்னொன்று. ஒரு பி.பி.ஓ.வில் வாய்ஸ் ப்ராசஸ் வேலை, அதாவது போனில் வாடிக்கையாளரிடம் பேசும் வேலை, கிடைக்கும்போல் இருக்கிறது. நைட் ஷிஃப்ட். அதில் சேர்ந்துவிட்டால் அப்புறம் டெவலப்பர் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

---

நந்தினி_ரெக்ரூட்டர்

கட்டவே கட்டாதீர்கள் தம்பி. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

பெருங்குடியில் ஒரு நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வேலை தருவதாகச் சொல்லும் இந்த 'பேக் டோர்' ஆட்கள் சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. அனுபவம் இருப்பதாகச் சொல்லி ஒருவர் வந்தால் சான்றிதழை மட்டும் நாங்கள் பார்ப்பதில்லை. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கின் யு.ஏ.என். எண்ணில் எந்த நிறுவனம் எந்த மாதம் பணம் கட்டியது என்ற வரலாறு இருக்கும். சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு அறிக்கை கேட்போம். யார் வரி பிடித்தார்கள் என்று காட்டும் வருமான வரியின் 26ஏஎஸ் படிவத்தைக் கேட்பவர்களும் உண்டு. சரிபார்க்கும் வேலையை வெளியே ஒரு ஏஜென்சியிடம் கொடுப்பார்கள். அவர்கள் அந்த 'நிறுவனத்தின்' முகவரிக்கே போய்ப் பார்ப்பார்கள். சில சமயம் ஆள் சேர்ந்து மாதங்கள் கழித்துத்தான் அறிக்கை வரும். அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள், வேலையிலிருந்து விடுவித்ததாகச் சொல்லும் ரிலீவிங் லெட்டர்கூடத் தர மாட்டார்கள். ஒன்றரை லட்சமும் போய், நேர்மையாகச் சொல்லக்கூடிய 'நான் ஃப்ரெஷர், முன்அனுபவம் இல்லாதவன்' என்ற நிலையும் போய்விடும். உங்கள் அறை நண்பரிடமும் சொல்லுங்கள். பாதிப் பணத்தோடு நின்றுகொள்வது நல்லது.

எந்த ஒழுங்கான நிறுவனமும் வேலைக்கு வருபவரிடம் பணம் வாங்காது. டெபாசிட், லேப்டாப் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். கன்சல்டன்சிக்குக் கமிஷன் தருவது ஆள் எடுக்கும் நிறுவனம்தான்.

அப்ளிகேஷன் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதில் வராதது உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஃப்ரெஷர் வேலை ஒன்றை நாங்கள் போட்டால் முதல் நாளே விண்ணப்பங்கள் குவிந்துவிடும். வரிசையாக எல்லாவற்றையும் படிக்க முடியாது. குறிச்சொற்களைப் போட்டுத் தேடி, அண்மையில் ப்ரொஃபைலைப் புதுப்பித்தவர்களை முதலில் பார்ப்போம். முதல் சில பக்கங்களிலேயே தேவையான ஆட்கள் கிடைத்துவிட்டால் மீதியைத் திறப்பதே இல்லை. மூன்றாம் நாள் அப்ளை செய்பவரின் ரெஸ்யூமே யார் கண்ணிலும் படாமலே போகலாம். அதனால் வேலை வெளியான அன்றே அனுப்புங்கள். அதைவிட நல்லது, அந்த நிறுவனத்தில் இருக்கும் உங்கள் கல்லூரி சீனியரைப் பிடித்து ரெஃபரல் கேட்பது. ரெஃபரலில் வந்த ரெஸ்யூமேயை நாங்கள் கட்டாயம் திறந்து பார்ப்போம். கேட்கக் கூச்சப்படாதீர்கள். பல நிறுவனங்களில் ரெஃபர் செய்பவருக்கும் ஊக்கத்தொகை உண்டு.

ஒரே பக்க ரெஸ்யூமே போதும். "கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவன்" என்ற வரிகளை எடுத்துவிட்டு, நீங்களே செய்த ஒரு ப்ராஜெக்டைப் போடுங்கள். அதில் எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் உங்களால் விளக்க முடிய வேண்டும்.

---

மறைமலைநகர்_குமார்

நந்தினி மேடம் சொன்னதுதான் சரி. தம்பி, நான் வேறு பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

நீ படித்தது இ.சி.இ. எதற்காக ஐ.டி. நிறுவனங்கள் இருக்கும் ஓ.எம்.ஆர். சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாய்? ஒரகடம், சுங்குவார்சத்திரம், மகிந்திரா வேர்ல்ட் சிட்டி, அந்தப் பக்கம் ஓசூர், எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் உற்பத்தி நடக்கும் இடங்கள். போர்டில் சின்னப் பாகங்களைப் பொருத்தும் எஸ்.எம்.டி. லைனில் ப்ராசஸ் இன்ஜினியர், டெஸ்ட் இன்ஜினியர், குவாலிட்டி, பழுதான போர்டு ஏன் பழுதானது என்று கண்டுபிடிக்கும் ஃபெயிலியர் அனாலிசிஸ், இதெல்லாம் உன் படிப்பு நேராகப் பொருந்தும் வேலைகள். தொடக்கச் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஷிஃப்டும் உண்டு. ஆனால் பஸ் விடுவார்கள், கேன்டீன் இருக்கும், இரண்டு வருடத்தில் கையில் ஒரு தொழில் இருக்கும்.

எனக்கு வாகன உதிரிபாகத் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் அனுபவம். ஆலை மூடுவதைப் பார்த்தவன். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் வந்தபோது சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் தெரியுமா, அதில் பெண் பிள்ளைகள்தான் அதிகம். 2014 நவம்பரில் நின்றுபோனது. இங்கே மறைமலை நகரில் ஃபோர்டு 2021இல் அறிவித்து 2022இல் உற்பத்தியை முடித்தது. பெரிய ஆலை நின்றால் அதற்கு உதிரிபாகம் கொடுத்த சின்னக் கம்பெனிகள் எத்தனை ஆடிப்போகும் என்று செய்தித்தாளில் வராது. நான் இருந்த நிறுவனமும் ஆள் குறைத்தது. ஆனால் நோக்கியா இருந்த அதே வளாகத்தில் பிறகு சால்காம்ப் வந்து சார்ஜர் தயாரிக்க ஆரம்பித்தது. தெரிந்த தொழிலோடு வெளியே வந்தவர்களை அடுத்தடுத்து வந்த ஆலைகள் எடுத்துக்கொண்டன. உடனே எடுத்துக்கொண்டன என்று சொல்ல மாட்டேன். இடையில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பட்டதாரிகளுக்கு அப்ரென்டிஸ் பயிற்சி இருக்கிறது. அதற்கான மத்திய அரசின் என்.ஏ.டி.எஸ். இணையதளத்தில் பதிவு செய். தென்மண்டல அலுவலகம் தரமணியில் இருக்கிறது, உனக்கு வேளச்சேரியிலிருந்து பக்கம். 2019 விதியில் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000, டிப்ளமோவுக்கு 8,000 என்று வைத்தார்கள். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒரு வருடம் முடித்தால் வரும் சான்றிதழ் அரசு கொடுப்பது, எவனும் சரிபார்த்துப் பொய் என்று சொல்ல முடியாது. என்.எல்.சி., போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் இந்த வழியில் அப்ரென்டிஸ் எடுக்கின்றன.

பி.பி.ஓ. கிடைத்தால் சேர்ந்துவிடு. சும்மா இருப்பதைவிட அது மேல்.

---

அகிலா_கோவை

> சும்மா இருப்பதைவிட அது மேல்.

குமார் அண்ணா, மன்னிக்கவும், இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அவர் சும்மா இல்லையே. படிக்கிறார், தேடுகிறார். வேலை தேடுவதே ஒரு முழுநேர வேலை.

என்னோடு படித்தவள் ஒருத்தி இதேபோல் நைட் ஷிஃப்ட் வாய்ஸ் ப்ராசஸில் சேர்ந்தாள். காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் மதியம் மூன்று மணிக்குத்தான் எழுவாள். இன்டர்வியூ எல்லாம் பகலில்தான் நடக்கும். கோடிங் பழகுவதற்கு மூளையும் ஒத்துழைக்காது. ஒரு வருடம் அப்படியே போய்விட்டது. கிடைத்ததை எடு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், எடுத்தாள். அந்த ஒரு வருடத்தை யாரும் அவளுக்குத் திருப்பித் தரவில்லை.

---

மறைமலைநகர்_குமார்

அகிலா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் வாடகை யார் கொடுப்பது? தையல் கடையில் வரும் காசில் ஊரில் குடும்பமும் நடந்து, சென்னையில் அறை வாடகை, மெஸ் காசு, கோர்ஸ் ஃபீஸ் எல்லாம் நடக்க வேண்டும். அப்பா நகையை வைக்கிறேன் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார் பாருங்கள். அந்தப் பாரம் ஒரு பிள்ளையின் மனதில் என்ன செய்யும்? கையில் மாதம் கொஞ்சம் காசு வந்தால்தான் இன்டர்வியூவில் தலைநிமிர்ந்து உட்கார முடியும். இதை நான் பார்த்திருக்கிறேன்.

---

நந்தினி_ரெக்ரூட்டர்

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

செந்தில், பி.பி.ஓ.வில் சேர்ந்தால் கதவு மூடிவிடும் என்பது உண்மை இல்லை. ஆனால் வாய்ஸ் ப்ராசஸ் அனுபவத்தை டெவலப்பர் வேலைக்கான அனுபவமாக நாங்கள் எடுத்துக்கொள்வதும் இல்லை. அது நடுவில் நடந்த ஒரு வேலை, அவ்வளவுதான். அதே சமயம் டெக்னிக்கல் சப்போர்ட், சர்வீஸ் டெஸ்க், மேனுவல் டெஸ்டிங், க்ளவுட் ஆபரேஷன்ஸ் மாதிரி வேலைகள் வேறு. அங்கே லினக்ஸ், நெட்வொர்க், டிக்கெட் முறை, டேட்டாபேஸ் எல்லாம் தினமும் கைக்கு வரும். அங்கிருந்து டெவலப்மென்ட் பக்கம் வந்தவர்களை நானே எடுத்திருக்கிறேன். வேலை எந்த அளவுக்குக் கம்ப்யூட்டருக்கு உள்ளே உங்களைக் கொண்டுபோகிறது என்று பாருங்கள்.

இன்னும் எத்தனை மாதத்துக்குக் கடன் வாங்காமல் ஓட்ட முடியும் என்று அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் என்றால் அகிலா சொல்வதைக் கேளுங்கள். இரண்டு மாதம்கூட ஓடாது என்றால் குமார் சொல்வதுதான் சரி. சேரும்போதே, படிப்பதற்கு எந்த நேரம் என்று முடிவு செய்துகொண்டு சேருங்கள்.

கையில் இருக்கும் ஆஃபர் லெட்டரைப் பத்திரமாக வையுங்கள், மெயிலும் மரியாதையாகப் போட்டுக்கொண்டிருங்கள். ஆனால் அதற்காக எதையும் தள்ளிப்போடாதீர்கள். தேதி வந்தால் அன்றைக்கு யோசித்துக்கொள்ளலாம்.

---

2009_பேட்ச்

செந்தில், உங்கள் நிலைமையில் நாங்கள் ஒரு தலைமுறையே இருந்தோம்.

2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் விழுந்தது. நாங்கள் அப்போது கடைசி வருடம். கேம்பஸில் எல்லோருக்கும் ஆஃபர் வந்திருந்தது. 2009இல் வெளியே வந்தபோது ஒருவருக்கும் தேதி வரவில்லை. என் வகுப்பிலேயே ஒருவன் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தப் போனான், இன்னொருத்தி பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர், ஒருவன் மாமாவின் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்தான். நான் ஒரு சின்ன வெப் டிசைன் கம்பெனியில் சொற்பச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். 2010இல் மறுபடி அழைப்புகள் வர ஆரம்பித்தன. எங்களில் பெரும்பாலானவர்கள் நாலைந்து வருடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டோம். பாடம் நடத்தப் போனவன்தான் எங்களில் நன்றாகப் பேசுவான், இன்றைக்கு டெலிவரி மேனேஜர்.

ஆனால் அன்றைய மாதிரியே இதுவும் சரியாகிவிடும் என்று சொல்லி உங்களைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. காரணம் வேறு. கொரோனாவுக்குப் பிறகு 2021, 2022இல் நிறுவனங்கள் தேவைக்கு மேல் ஆள் எடுத்தன. 2022இலிருந்து அமெரிக்காவில் வட்டி ஏற, அங்கே இருக்கும் வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினார்கள். அதன்மேல் செயற்கை நுண்ணறிவு வந்து, ஃப்ரெஷர்களுக்குக் கொடுத்துப் பழக்கிய சின்னச் சின்ன வேலைகளை எடுத்துக்கொள்கிறது. டி.சி.எஸ். போன்ற நிறுவனமே 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. மந்தம் தீர்ந்தாலும், கோர்ஸ் முடித்த சான்றிதழ் ஒன்றை வைத்துக்கொண்டு கும்பலோடு உள்ளே போகும் காலம் அப்படியே திரும்பும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் ஜாவா சின்டாக்ஸை மனப்பாடம் செய்வதில் நேரத்தைப் போடாதீர்கள். கோடு எழுத மெஷின் உதவும். எழுதிய கோடு சரியா, ஏன் உடைகிறது, எங்கே தேடுவது என்று தெரிந்தவர்தான் வேண்டும். டீபக் செய்யப் பழகுங்கள். உங்கள் இ.சி.இ.யை விட்டுவிடாதீர்கள். கருவிகளுக்குள் இருக்கும் சிப்புக்கு நிரல் எழுதும் எம்பெடெட் சி தெரிந்த, போர்டைக் கையில் எடுத்து மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்த பையனுக்குப் போட்டி குறைவு. வெளிநாட்டு நிறுவனங்கள் சென்னையில் சொந்தமாக நடத்தும் ஜி.சி.சி. மையங்களில் கார், மருத்துவக் கருவி, தொழிற்சாலை ஆட்டோமேஷன் சார்ந்தவை நிறைய இருக்கின்றன. அங்கே முயற்சி செய்யுங்கள்.

---

வேளச்சேரி_சுந்தர்

ஃப்ரெஷர் இழையில் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் நாற்பது வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். டெஸ்டிங்கில் நீண்ட அனுபவம். சில மாதம் முன்பு ஒரு மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டு, இன்றே ராஜினாமா கொடுத்தால் நல்லது என்றார்கள். வீட்டுக்கடன் ஓடுகிறது, பெண் பத்தாம் வகுப்பு.

அந்த அறையிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். படித்துப் பார்த்து நாளைக்குத் தருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. எத்தனை மாதச் சம்பளம், நோட்டீஸ் காலத்துக்குப் பணம், மீதி விடுப்புக்கான தொகை, ரிலீவிங் லெட்டரில் என்ன எழுதுவார்கள் என்று எல்லாம் மெயிலில் வரட்டும். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. 'ராஜினாமா' என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் தொழிலாளர் துறைக்குப் போனாலும் உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். சந்தேகம் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உங்கள் உரிமை. கடைசி அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். அடிப்படை 40,000, எட்டு வருடம் என்றால் ஏறத்தாழ 1.85 லட்சம். 30 நாளுக்குள் தர வேண்டும். நிறுவனம் தாராளமாகத் தரும் பரிசு மாதிரி அதைச் செட்டில்மென்ட் தொகையோடு கலந்து காட்டினால், தனித்தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பி.எஃப்.பை உடைக்கத் தோன்றும். முடிந்தவரை தொடாதீர்கள். ஐந்து வருடச் சேவை முடியும் முன் எடுத்தால் வரி பிடிப்பார்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும், நடுவில் அந்த ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று, மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குரூப் பாலிசி வேலையோடு போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். அம்மா அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இருந்தால் இது மிக முக்கியம்.

வங்கிக்கு முதல் இ.எம்.ஐ. தவறுவதற்கு முன்பே போங்கள். கடன் காலத்தை நீட்டி மாதத் தவணையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். தவறிய பிறகு போனால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

வீட்டில் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தினமும் டை கட்டிக்கொண்டு பஸ் ஏறி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் ஆட்களை எனக்குத் தெரியும். அந்தச் சுமையைத் தனியாகத் தூக்க வேண்டியதில்லை. என் மனைவி, செலவுப் பட்டியலை என்னைவிட வேகமாகக் குறைத்துவிட்டார்.

---

தேவி_ஸ்ரீபெரும்புதூர்

சுந்தர் சார் சொன்னதோடு ஒன்று. மாதம் 21,000க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தவர்களுக்கு, வேலை போனால் உதவித்தொகை இருக்கிறது. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். சராசரி நாள் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரு தடவை. இரண்டு வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். தானாக ராஜினாமா செய்தவர்களுக்குக் கிடையாது. அதனால்தான் 'ரிசைன்' என்று எழுதச் சொன்னால் யோசிக்க வேண்டும். திட்டத்தை அவ்வப்போது நீட்டிக்கிறார்கள், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் லைனில் இதைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை.

---

மீனா_திருச்சி

கவர்ன்மென்ட் பரிட்சை எழுதுபவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு, இப்போது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்குப் படிக்கிறேன்.

எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். 2022 குரூப் 4இல் 7,301 இடத்துக்கு 22 லட்சம் பேர் அளவுக்கு விண்ணப்பித்தார்கள். 2025இல் முதலில் அறிவித்தது 3,935 இடம், விண்ணப்பம் 13 லட்சத்துக்கு மேல். பயமுறுத்தச் சொல்லவில்லை. விண்ணப்பிக்கும் எல்லோரும் உட்கார்ந்து படிப்பதில்லை. ஆனால் பரிட்சையை மட்டும் நம்பி மூன்று, நான்கு வருடம் போய்விட்டால், தனியார் வேலைக்குத் திரும்புவது கஷ்டம். ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். நான் காலையில் படித்துவிட்டு, மாலையில் டியூஷன் எடுக்கிறேன்.

பெரிய ஃபீஸ் கட்டி அகாடமியில் சேர வேண்டும் என்று இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடத்துகிறார்கள், மாதிரித் தேர்வும் உண்டு. சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகம் எடுத்துப்போய்ப் படிக்கத் தனி இடமே இருக்கிறது. அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு போனைப் பார்ப்பதைவிட, படிக்கிறவர்கள் நடுவில் போய் உட்காருங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள், சீனியாரிட்டி போய்விடும். அங்கேயே தனியார் வேலைவாய்ப்பு முகாமும் நடக்கிறது. பல மாவட்டங்களில் வெள்ளிக்கிழமையில் வைக்கிறார்கள். எல்லாம் பெரிய கம்பெனியாக இருக்காது, ஆனால் நேரில் ஆளைப் பார்த்துப் பேசலாம்.

---

இர்பான்_ஆம்பூர்

வெளிநாட்டு வேலை பற்றி ஓர் எச்சரிக்கை. இந்த மாதிரி நேரத்தில்தான் ஏஜென்ட்கள் வருவார்கள்.

"தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் எழுபதாயிரம், டிகிரி போதும், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்." இதைக் கேட்டாலே நம்பரை பிளாக் செய்யுங்கள். பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவதிக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிறார்கள். செய்ய மறுத்தால் அடி. 2022இல் தமிழ்நாட்டுப் பையன்களை அங்கிருந்து மீட்டு வந்தார்கள். கம்போடியா, லாவோஸ் என்று இடம் மாறுகிறது, கதை மாறுவதில்லை. போனவர்களில் பலர் படித்த, கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள்.

வெளிநாடு போக வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. அவர்கள் இணையதளத்தில் வேலை அறிவிப்பு வரும். தனியார் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். வேலை விசா கையில் வராமல் விமானம் ஏறாதீர்கள். ஆன்லைனில் பணம் ஏமாந்தால் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

---

திண்டிவனம்_செந்தில்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பணம் கட்டப் போவதில்லை. அறை நண்பனிடம் இந்த இழையைக் காட்டினேன். அவன் மீதியைக் கட்டாமல், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கப் போகிறான்.

அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் "என்னப்பா, இன்னும் கூப்பிடலையா" என்று கேட்பார்கள். அதனால் பொங்கலுக்குக்கூடப் போகவில்லை. ராத்திரி தூக்கமும் சரியாக இல்லை.

---

ராமலிங்கம்_ஆசிரியர்

தம்பி, நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். உன் வயதில் எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உன் அப்பா நகையை வைக்கிறேன் என்று சொன்னது உன்மேல் இருக்கும் கோபத்தில் இல்லை. உனக்கு எப்படி உதவுவது என்று அவருக்கு வேறு வழி தெரியவில்லை, அதனால்தான். வழி என்ன என்று நீ சொன்னால் அவர் பாரம் பாதி குறையும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போ. கடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மாதச் செலவு இவ்வளவு, இத்தனை மாதம் பார்க்கிறேன், அதற்குள் அமையவில்லை என்றால் ஒரகடம் பக்கம் சேர்ந்துவிடுகிறேன் என்று தேதியோடு சொல். சொந்தக்காரர்களுக்கு அவரே பதில் சொல்லிக்கொள்வார். நூற்றுக்கணக்கான தகப்பன்மார்களோடு பேசியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

தூக்கம் வராமல் போவதைச் சாதாரணமாக விடாதே. காலையில் எழுந்து குளித்து, ஒரு நேரத்துக்கு வெளியே கிளம்பு. வாரத்தில் ஒரு நாள் தேடலையே தொடாதே. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடித்தாலோ, வாழ்வதில் பிடிப்பு இல்லை என்று ஒரு நொடி தோன்றினாலோ, 14416க்குக் கூப்பிடு. டெலி-மானஸ், அரசு நடத்துவது, தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. இதைப் படிக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

---

திண்டிவனம்_செந்தில்

சரி சார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

நந்தினி அக்கா, ஒரு சந்தேகம். 2024இல் முடித்துவிட்டு இதுவரை என்ன செய்தாய் என்று இன்டர்வியூவில் கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கேள்வி வந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

---

நந்தினி_ரெக்ரூட்டர்

நடந்ததைச் சொல்லுங்கள், நான்கு வரியில். "2024இல் கேம்பஸில் தேர்வானேன், நிறுவனம் ஜாய்னிங்கைத் தள்ளிவைத்திருக்கிறது, ஆஃபர் லெட்டர் இருக்கிறது. அந்த நேரத்தில் ஜாவாவும் எம்பெடெட் சியும் படித்தேன். இந்த ப்ராஜெக்டைச் செய்தேன். அதில் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு, இப்படிச் சரிசெய்தேன்." அதோடு நிறுத்திவிடுங்கள். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம், அந்த நிறுவனத்தைத் திட்டவும் வேண்டாம். எதிரே இருப்பவருக்கும் சந்தை எப்படி இருக்கிறது என்று தெரியும். கடைசி வரியில் ப்ராஜெக்ட் இருந்தால் அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான் வரும். கண்ணாடி முன்னால் வேண்டாம், நண்பனை எதிரே உட்கார வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

ரெஸ்யூமேயை இங்கே போடுங்கள், நானும் 2009_பேட்ச் சாரும் பார்க்கிறோம்.

---

கவிதா_நாமக்கல்

அக்கா, நான் டிப்ளமோ ஈ.இ.இ. (எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ்). எனக்கும் பார்ப்பீர்களா?

---

நந்தினி_ரெக்ரூட்டர்

கட்டாயம் போடும்மா. போன் நம்பர், வீட்டு முகவரி, பிறந்த தேதி, ஆதார் எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் போடு. போட்டோவும் வேண்டாம். டிப்ளமோவுக்குக் குமார் சார்தான் என்னைவிட நன்றாகச் சொல்வார், அவரையும் பார்க்கச் சொல்கிறேன். வேறு யாராவது போடுவதாக இருந்தால் சனிக்கிழமைக்குள் போடுங்கள், அன்றைக்கு எனக்கு விடுமுறை, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுகிறேன்.